குறைந்த வாட் வால்வ் ஆம்புக்கு முன்னால் எந்தப் பிரீஆம்ப்?

எட்டு வாட் வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாயால் பெருக்குவது) ஒன்று கைக்கு வந்தாயிற்று, அதற்கு முன்னால் எந்தப் பிரீஆம்ப்பை, அதாவது சிடி பிளேயர் போன்ற மூலக்கருவிக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை, போடுவது என்று யோசிக்கிற கொழும்புக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். விசாரித்தால் அநேகமாக எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: வால்வுக்கு வால்வ் பிரீஆம்ப்தான் பொருந்தும், இடையில் டிரான்சிஸ்டர் வந்தால் வால்வின் இனிமை போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்முடைய வீடுகளுக்கும் நாம் பாட்டுக் கேட்கிற விதத்துக்கும், இரைச்சல் இல்லாத, கொஞ்சமாகப் பெருக்குகிற அல்லது பெருக்கவே பெருக்காத டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்தான் முதலில் பார்க்க வேண்டியது. அதற்காக டிரான்சிஸ்டர் என்று பெயர் போட்ட எதையாவது வாங்கிச் சொருகினால் போதும் என்றும் இல்லை. பொருந்தாத ஒன்றைப் போட்டால் நல்ல வால்வ் ஆம்ப் ஒன்றின் பெயர்தான் கெடும். அப்புறம் அதை யாரோ பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போய்ச் சந்தோசமாக இருப்பார்கள்.

முதலில் வாட் கணக்கு. 300பி வால்வை ஒரு சானலுக்கு ஒன்றாக, சிங்கிள் எண்டட் முறையில், அதாவது அந்த ஒரு வால்வே முழு அலையையும் பெருக்கும்படி, ஓட்டினால் சுமார் 8 வாட் வரும். 2ஏ3 என்றால் மூன்றரை வாட். ஈஎல்84 ஒன்று 4, 5 வாட் தரும். 300பி 1930களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்த வால்வ். அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர்கள் இப்படிப்பட்ட சொற்ப வாட்டில்தான் ஓடின, காரணம் அங்கே இருந்த பெரிய பெரிய கொம்பு ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டையே ஊர் கேட்கிற சத்தமாக மாற்றின. 8 வாட் என்பது 1 வாட்டைவிட 9 டெசிபெல் மட்டுமே கூட. 1 வாட்டுக்கு 1 மீற்றரில் 88 டெசிபெல் தருகிற சாதாரணச் சின்ன ஸ்பீக்கர் 97 டெசிபெலோடு திணறத் தொடங்கும், நீங்கள் உட்காருகிற இடத்துக்கு வரும்போது அது இன்னும் குறையும். 98 டெசிபெல் ஸ்பீக்கர் அதே எட்டு வாட்டில் 107 வரை போகும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், இந்தப் பத்து டெசிபெல் என்னவென்று தெரியும். நாதஸ்வரம் நீளமாக இழுபடும்போது இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தவிலில் வலந்தலை அடி விழுகிற கணத்தில், முதல் ஸ்பீக்கரில் அடி பஞ்சு மூட்டையில் விழுந்ததுபோல அமுங்கும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பிரீஆம்ப் இதில் எதையும் மாற்றாது. நல்ல பலமான பிரீஆம்ப் போட்டால் வால்வ் ஆம்புக்குத் தெம்பு வரும் என்று நம்பிக் காசைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள். வொலியூம் குமிழை எட்டு மணி இடத்திலிருந்து ஒன்பது மணிக்குத் திருப்பியதுமே அறை அதிர்ந்தால், ஆகா என்ன சக்தி என்று தோன்றும். அது சக்தி இல்லை, வோல்டேஜ் பெருக்கம் கூடிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது மணியிலேயே எட்டு வாட்டும் தீர்ந்துவிட்டது, குமிழின் மிச்சத் தூரம் முழுவதும் வெறும் சிதைவுக்கான இடம்.

அடுத்தது வோல்ட் கணக்கு. சிடி பிளேயர், டாக் (டிஜிட்டல் பாட்டை மின்சிக்னலாக மாற்றுகிற கருவி) எல்லாம் முழுச் சத்தத்தில் 2 வோல்ட் தருவதாகத்தான் செய்யப்படுகின்றன. போனில் செருகுகிற சின்ன டாங்கிள்கூட 1 வோல்ட் அளவில் தரும். வால்வ் ஆம்ப் தன் முழு வாட்டையும் தர உள்ளே எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று அதன் விபரத்தாளில் இருக்கும், பொதுவாக 0.5 முதல் 1 வோல்டுக்குள். பேச்சுக்கு 0.8 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மூலக்கருவியிலிருந்து வருகிற சிக்னலே வேண்டியதைவிட 8 டெசிபெல் அதிகம். பெருக்க வேண்டிய தேவையே இல்லை, குறைக்கத்தான் வேண்டும்! இந்த நிலையில் 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு பெருக்குகிற பிரீஆம்ப் ஒன்றை இடையில் வைத்தால் என்ன ஆகும்? ஆம்ப் முழு வாட்டை எட்டுகிற இடத்திலேயே வொலியூம் குமிழ் 28 டெசிபெல் கீழே நிற்கும். வீட்டில் சாதாரணமாகக் கேட்பது அதிலிருந்து இன்னும் ஒரு 20 டெசிபெல் கீழே. குமிழ் பூச்சியத்தை விட்டு அசைந்ததும் அசையாததுமாக இருக்கிற இடம் அது.

அந்த இடத்தில்தான் வொலியூம் கண்ட்ரோல்கள் மோசமாக நடக்கும். இடது வலது இரண்டு தடங்களும் ஒரே அளவாகக் குறைக்க வேண்டும், ஆனால் மலிவானவற்றில் அடிமட்டத்தில் 2, 3 டெசிபெல் வித்தியாசம் சர்வசாதாரணம். இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக வைத்துக் கேட்கிறீர்கள், நடுவில் நின்று பாட வேண்டிய குரல் இடப்பக்க ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் கூட்டினால் நடுவுக்கு வருகிறது, ஆனால் அந்தச் சத்தம் உங்களுக்கு வேண்டாம். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இது தினமும் வருகிற தொல்லை.

இரண்டாவது பிரச்சினை இரைச்சல், என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரியது. பெரும்பாலான பிரீஆம்ப்களில் வொலியூம் கண்ட்ரோல் பெருக்குகிற பகுதிக்கு முன்னால் இருக்கும். அதனால் அந்தப் பெருக்குகிற பகுதி தானாகப் போடுகிற ஸ்ஸ் என்ற சத்தம், குமிழ் எங்கே நின்றாலும் அப்படியே வெளியே போகும். ஒரு பழைய பிரீஆம்ப்பில் அந்த மீதிச் சத்தம் 0.1 மில்லிவோல்ட் என்று வையுங்கள், கேட்டால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். உங்கள் வால்வ் ஆம்ப் அதைப் பத்து மடங்காக்கி 1 மில்லிவோல்டாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட் என்பது 2.83 வோல்ட், ஆக இது அதைவிட 69 டெசிபெல் கீழே. 88 டெசிபெல் ஸ்பீக்கரில் இது 19 டெசிபெல், யாருக்கும் கேட்காது. 98 டெசிபெல் ஸ்பீக்கரில் 29. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் தெரியாது. ஆனால் காலி வீதியில் வாகனச் சத்தம் அடங்கிய பிறகு, விசிறியை நிறுத்திவிட்டு ஒரு தனி வீணை ஆலாபனையைப் போட்டால், இரண்டு சுரங்களுக்கு இடையில் வர வேண்டிய அமைதி வராது, அங்கே ஒரு ஸ்ஸ் உட்கார்ந்திருக்கும். குறைந்த வாட் வால்வ் ஆம்ப்பை நாம் விரும்பி வாங்குவதே அந்த அமைதிக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கணக்கில் வால்வ் பிரீஆம்ப் எங்கே நிற்கிறது? நல்லதொன்று நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெருக்கம் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியதாக இருக்கும், ஸ்ஸ் சத்தத்தோடு ஹீட்டரிலிருந்து வருகிற ம்ம் என்ற ஹம்மும் சேரும், வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் டிங் என்று கேட்கிற மைக்ரோஃபோனிக் குணமும் இருக்கும். 98 டெசிபெல் ஸ்பீக்கர் இவை எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். குறைந்த இரைச்சல் உள்ள வால்வுகளைத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும், அவை இங்கே கடையில் போய்ப் பொறுக்கி எடுக்கிற சாமான் அல்ல, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், வந்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று தெரியும். இன்னொன்று, வால்வின் இனிமை என்று நாம் சொல்கிறதில் பெரும்பகுதி சிங்கிள் எண்டட் வெளியீட்டு வால்வும் அதன் டிரான்ஸ்ஃபோமரும் சேர்ந்து போடுகிற இரண்டாம் ஹார்மோனிக், அதாவது சுரத்தின் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் சேர்கிற இன்னொரு ஒலி. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் இன்னொரு வால்வ் வந்தால் அதன் ஹார்மோனிக் இதோடு கூடவும் செய்யும், பெருக்குகிற கட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து இதை ஓரளவு அழிக்கவும் செய்யும். எது நடக்கும் என்று வாங்குவதற்கு முன் சொல்ல முடியாது. இரண்டு வால்வ் கருவி இருந்தால் இரண்டு மடங்கு இனிமை என்ற கணக்கு எங்கும் இல்லை.

வால்வ் பிரீஆம்ப்பின் வெளியீட்டு மறுப்பும் (இம்பீடன்ஸ், சிக்னல் ஓடுவதற்கு இருக்கிற தடை) ஒரு விஷயம். சாதாரண டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்பில் அது 50 முதல் சில நூறு ஓம், எளிமையான வால்வ் பிரீஆம்ப்பில் சில ஆயிரம் ஓம் வரை போகலாம். அடுத்து வருகிற ஆம்ப்பின் உள்ளீட்டு மறுப்பு இதைப்போல பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. உங்கள் வால்வ் ஆம்ப் பெரும்பாலும் 100 கிலோ ஓம் இருக்கும், ஆகவே இரண்டு வகையும் தேறிவிடும். டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்பும் வால்வ் ஆம்ப்பும் மின்கணக்கில் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உண்மையில் இருக்கிற சோடிகளிலேயே சுலபமான சோடி இதுதான். சிக்கல் வருவது எதிர்ப்பக்கத்தில், வால்வ் பிரீஆம்ப்பை 10 கிலோ ஓம் உள்ளீடு உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்போடு கட்டும்போது. 0.47 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்று 10 கிலோ ஓமைப் பார்த்தால் 34 ஹேர்ட்ஸிலேயே அடி நாதம் இறங்கத் தொடங்கும்.

அப்படியென்றால் டிரான்சிஸ்டர் பக்கத்தில் எதை எடுப்பது?

என் முதல் விருப்பம் பஃபர். பெருக்காது, வோல்டேஜை அப்படியே கடத்தி, வெளியீட்டு மறுப்பை மட்டும் தாழ்த்திக் கொடுக்கும். நெல்சன் பாஸ் வெளியிட்ட பி1 பஃபர் இதில் பெயர்பெற்றது, சுற்றுப்படம் எல்லோருக்கும் கிடைக்கிறது, வீட்டில் செய்கிறவர்கள் உலகம் முழுக்கச் செய்திருக்கிறார்கள். அதில் தோஷிபாவின் 2எஸ்கே170 ஜேஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் வருகிறது. தோஷிபா அதைச் செய்வதை நிறுத்திவிட்டது, அந்தப் பெயரில் போலிகள் தாராளமாக ஓடுகின்றன, ஆகவே மலிவாகக் கிடைத்தது என்று சந்தோசப்படுவதற்கு முன் கவனம். அதற்கு மாற்றாக வருகிற எல்எஸ்கே170 இருக்கிறது. வொலியூம் கண்ட்ரோலுக்கு ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீல நிற ஆர்கே27 போட்டால் இடது வலது ஒத்துப்போகும், இதற்கும் போலி உண்டு. பஃபரில் மேலே சொன்ன கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள்: முழு வாட்டுக்குக் குமிழ் 8 டெசிபெல் கீழே, சாதாரணக் கேட்புக்கு 28 டெசிபெல் கீழே. குமிழ் தன் நல்ல பகுதியில் நிற்கிறது, மெதுவாக வைத்தாலும் குரல் நடுவிலேயே இருக்கிறது.

பஃபரும் வேண்டாம், வெறும் வொலியூம் கண்ட்ரோலை ஒரு பெட்டியில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். பாசிவ் பிரீஆம்ப் என்பது அதுதான், செலவும் மிகக் குறைவு, பெருக்குகிற பகுதியே இல்லாததால் அது தன் பங்குக்குச் சேர்க்கிற இரைச்சலும் மிகக் குறைவு. பலருக்கு இது போதும். ஆனால் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 100 கிலோ ஓம் கண்ட்ரோல் பாதி வோல்டேஜில் நிற்கும்போது அதன் வெளியீட்டு மறுப்பு 25 கிலோ ஓம். ஒரு மீற்றர் கேபிள் சுமார் 100 பிகோஃபரட், 12ஏஎக்ஸ்7 போன்ற அதிகம் பெருக்குகிற வால்வ் முதல் கட்டத்தில் இருந்தால் அதன் மில்லர் கப்பாசிட்டன்ஸ், அதாவது பெருக்கத்தால் பெரிதாகத் தெரிகிற உள்ளீட்டுக் கப்பாசிட்டன்ஸ், இன்னும் ஒரு 150 வரை. இரண்டும் சேர்ந்து 25 கிலோஹேர்ட்ஸுக்குக் கிட்டவே வெட்டத் தொடங்கி, 20 கிலோஹேர்ட்ஸில் 2 டெசிபெல்லைத் தின்றுவிடும். சுருதிப்பெட்டியில் கேட்காது, ஜாலராவிலும் ஹைஹாட்டிலும் மேற்பூச்சு மங்கியதுபோல இருக்கும். 10 கிலோ ஓம் கண்ட்ரோல் போட்டு, கேபிளை அரை மீற்றருக்குள் வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அந்த 10 கிலோ ஓமை ஓட்டக்கூடிய மூலக்கருவி வேண்டும். இன்றைய டாக்கெல்லாம் ஓட்டும். பழைய வால்வ் வெளியீடு உள்ள சிடி பிளேயர் என்றால் ஓட்டாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஆம்ப்பை வைத்து, மூலக்கருவிகளை அறையின் மறுபக்கம் வைத்திருப்பவர்கள், மூன்று மீற்றர் கேபிள் இழுக்கிறவர்கள், பாசிவ் பக்கமே போக வேண்டாம், பஃபருக்குப் போங்கள்.

டாக்கிலேயே வொலியூம் இருந்தால் அதை நேரே ஆம்புக்குக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். டிஜிட்டலில் குறைக்கும்போது ஒவ்வொரு 6 டெசிபெலுக்கும் ஒரு பிட் போகும் என்பது உண்மை, 24 பிட் டாக்கில் சாதாரணக் கேட்புக்கு இது கவலைப்படுகிற அளவு இல்லை. என் பயம் வேறு. கம்பியூட்டரோ போனோ வொலியூமைத் திடீரென்று நூறுக்குக் கொண்டுபோனால் 2 வோல்டும் முழுசாக ஆம்புக்குள் பாயும். கையால் திருகுகிற குமிழ் ஒன்று இடையில் இருப்பது எனக்கு நிம்மதி.

இப்போது பெருக்கம் உள்ள டிரான்சிஸ்டர் பிரீஆம்ப். இதை ஒதுக்கிவிட முடியாது, காரணம் கொழும்பில் நல்ல விலைக்கு அகப்படுவது இதுதான். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான்களோடு சன்சுயி, பயனியர், யமஹா, டெக்னிக்ஸ் என்று எழுபது எண்பதுகளின் கருவிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. தனிப் பிரீஆம்ப் அபூர்வம், பிரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கிற இன்டிகிரேட்டட் ஆம்ப்தான் கனக்க. சில இன்டிகிரேட்டட் ஆம்ப்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பிரீ அவுட், மெயின் இன் என்று இரண்டு சோடி சொக்கெட்டுகள், அவற்றை இணைக்கிற யூ வடிவக் கம்பித் துண்டுகளோடு இருக்கும். அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு, பிரீ அவுட்டிலிருந்து வால்வ் ஆம்புக்குக் கேபிள் இழுத்தால் உங்களுக்கு ஒரு முழுப் பிரீஆம்ப் கிடைத்துவிட்டது. எல்பி இசைத்தட்டுக் கேட்பவர்களுக்கு, ஊசியிலிருந்து வருகிற சின்னச் சிக்னலைப் பெருக்குகிற ஃபோனோ பகுதியும் உள்ளேயே இருக்கும், அந்தக் காலத்து ஃபோனோ பகுதிகள் பெரும்பாலும் திறமானவை. கழற்றிய கம்பித் துண்டை எறிந்துவிடாமல் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் பிறகு அந்த ஆம்ப்பை விற்க முடியாது.

இதில் வருகிற அதிகப் பெருக்கத்துக்கு மருந்து மிக மலிவானது. வால்வ் ஆம்ப்பின் உள்ளீட்டில், ஒவ்வொரு சானலுக்கும் இரண்டு ரெசிஸ்டர்: சிக்னலோடு தொடராக 7.5 கிலோ ஓம், சிக்னலுக்கும் நிலத்துக்கும் (கிரவுண்ட்) குறுக்கே 2.4 கிலோ ஓம். கால் வாட் மெட்டல் ஃபிலிம் போதும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். இது 12 டெசிபெலுக்குக் கொஞ்சம் மேலே குறைக்கும். முக்கியமாக, சிக்னலை மட்டுமல்ல, பிரீஆம்ப் போடுகிற ஸ்ஸ் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கும், மேலே சொன்ன 29 டெசிபெல் 17 ஆகிவிடும். குமிழும் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். இந்த வித்தை டிரான்சிஸ்டர் பிரீஆம்புக்குத்தான் சரிவரும், ஏனென்றால் பிரீஆம்ப் இப்போது பார்ப்பது 100 கிலோ ஓமை அல்ல, 10 கிலோ ஓமை. சில நூறு ஓம் வெளியீடு உள்ள கருவிக்கு அது பொருட்டில்லை, சில ஆயிரம் ஓம் உள்ள வால்வ் பிரீஆம்புக்கு மூச்சு முட்டும். ரெசிஸ்டர்களை ஆம்ப் பக்கத்து முனையில் போடுங்கள், பிரீஆம்ப் பக்கத்தில் போட்டால் கேபிள் முழுவதும் உயர்ந்த மறுப்போடு தொங்கும்.

பெருக்கம் உண்மையாகவே தேவைப்படுகிற ஆம்ப்களும் உண்டு, இதை விசாரிக்காமல் பஃபர் வாங்கினால் ஏமாற்றம்தான். 300பி வால்வின் கிரிட்டை, அதாவது சிக்னல் உள்ளே போகிற முனையை, முழுசாக ஓட்ட 70 வோல்ட் உச்சம் அளவுக்கு வேண்டும், ஆர்எம்எஸ் எனப்படும் பயன்மதிப்புக் கணக்கில் ஏறக்குறைய 50. அதற்கு முன்னால் 6எஸ்என்7 வால்வின் ஒரு பாதி மட்டும் இருந்தால் அது பெருக்குவது சுமார் 16 மடங்கு, ஆகவே உள்ளே 3 வோல்ட் கொடுத்தால்தான் முழு வாட் வரும். இப்படி ஒரே ஒரு கட்டத்தோடு செய்கிற ஆம்ப்கள், குறிப்பாகக் கையால் செய்தவை, இருக்கின்றன, அவை கேட்பதற்கும் மிக நன்றாக இருக்கும். 2 வோல்ட் டாக்கைப் பஃபர் வழியாக இதற்குக் கொடுத்தால் எட்டு வாட்டில் மூன்றரை வாட்தான் வெளியே வரும். எல்பி என்றால் நிலைமை இன்னும் மோசம்: 5 மில்லிவோல்ட் காட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி), 40 டெசிபெல் ஃபோனோ, சாதாரண அளவில் அரை வோல்ட்தான். இங்கே 10, 12 டெசிபெல் பெருக்குகிற டிரான்சிஸ்டர் பிரீஆம்ப் கச்சிதமாகப் பொருந்தும், அதன் இரைச்சலும் கேட்காது, ஏனென்றால் ஆம்ப்பே குறைவாகத்தான் பெருக்குகிறது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஆம்ப்பைச் செய்தவரிடம் அல்லது விற்றவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முழு வாட்டுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பது. 1 வோல்டுக்குக் கீழே என்றால் பஃபர் அல்லது பாசிவ், 2 வோல்டுக்கு மேலே என்றால் பெருக்கம் உள்ளது. இரண்டுக்கும் நடுவில் என்றால் நீங்கள் எல்பி கேட்பவரா இல்லையா என்பதை வைத்து முடிவெடுங்கள். சில வால்வ் ஆம்ப்களில் முன்பக்கத்திலேயே வொலியூம் குமிழ் இருக்கும், ஒரே ஒரு மூலக்கருவிதான் உங்களிடம் இருக்கிறது என்றால் பிரீஆம்ப்பே வேண்டாம், அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

பழைய ஜப்பான் பிரீஆம்ப் எடுப்பவர்களுக்கு இரண்டு குமிழ்கள் பற்றி. பேஸ் குமிழைத் தொடாதீர்கள். அடி நாதத்தை 6 டெசிபெல் கூட்டினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் வேண்டும், 10 டெசிபெல் கூட்டினால் பத்து மடங்கு. எட்டு வாட்டில் அதற்கு இடமில்லை. சப்சோனிக் ஃபில்டர் என்று ஒரு சுவிச் இருந்தால், எல்பி கேட்கும்போது அதைப் போட்டே வையுங்கள். வளைந்த இசைத்தட்டு 2, 3 ஹேர்ட்ஸில் போடுகிற ஆட்டம் காதுக்குக் கேட்காது, ஆனால் சிங்கிள் எண்டட் வெளியீட்டு டிரான்ஸ்ஃபோமரின் இரும்பை அது நிரப்பிவிடும், மேலே வருகிற பாட்டு கலங்கும். டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்கள் இந்தக் கீழ்மட்டத்தை வெட்டாமல் அப்படியே அனுப்பக்கூடியவை என்பதால் இது அவற்றுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

இனி கொழும்புக்கே உரிய சில விஷயங்கள். ஜப்பான் கருவி 100 வோல்டுக்குச் செய்தது, நமது கரண்ட் 230. கடைகளில் பரவலாகக் கிடைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் 110 வோல்ட் தருவது, 100 வோல்ட் கருவிக்கு அது பத்து வீதம் கூடுதல், நாற்பது வருடப் பழைய கப்பாசிட்டர்களுக்கு அந்தச் சூடு நல்லதல்ல. 100 என்று கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சுற்றிக் கொடுக்கிறவர்களிடம் செய்வியுங்கள். அதை வால்வ் ஆம்ப்பின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஹம் வரும். வைத்த பிறகு ஹம் வந்தால் முதலில் டிரான்ஸ்ஃபோமரைக் கையில் தூக்கித் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள், ஓரிடத்தில் அடங்கும்.

ஹம்மை நிறுத்துகிறேன் என்று வால்வ் ஆம்ப்பின் பிளக்கிலிருந்து எர்த் வயரைக் கழற்றுவது உயிரோடு விளையாடுகிற வேலை. உள்ளே 300, 400 வோல்ட் டிசி இருக்கிறது, பெட்டி உலோகம். எர்த்தைக் கழற்றாமல், எல்லாக் கருவியையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டாலே பாதி ஹம் போய்விடும்.

கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்காரர்கள் ஆர்சிஏ சொக்கெட்டுகளையும் வால்வ் சொக்கெட்டுகளையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், யன்னல் எப்போதும் திறந்திருக்கும், உப்புக் காற்று முலாமை அரித்துப் பச்சை பூக்கும். ஒரு பக்கம் சத்தம் குறைகிறது, கரகரக்கிறது என்றால் வால்வைக் குறை சொல்வதற்கு முன் சொக்கெட்டைத் துடைத்துப் பாருங்கள். சூடும் ஒரு கணக்கு. 300பி ஒன்றின் ஃபிலமெண்டே 5 வோல்டில் 1.2 அம்பியர் இழுக்கிறது, பிளேட்டில் எரிவது அதைவிடப் பல மடங்கு. ஏப்ரல் மாதத்துக் கொழும்பு அறைக்குள் இன்னொரு வால்வ் பெட்டி வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

கரண்ட் போய் வருகிற ஊரில் சுவிச் வரிசையும் முக்கியம். போடும்போது பிரீஆம்ப் முதல், வால்வ் ஆம்ப் பிறகு. இதில் பிசகினாலும் பெரிய ஆபத்து இல்லை, வால்வ் சூடாகும் வரை ஆம்ப் ஊமையாக இருப்பதால் பிரீஆம்ப் போடுகிற டொப் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாது. நிறுத்தும்போதுதான் கவனம் வேண்டும்: வால்வ் சூடாக இருக்கிறது, கப்பாசிட்டர் நிரம்பியிருக்கிறது, அந்த நேரத்தில் டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்பை முதலில் நிறுத்தினால் அதன் டொப் பெருக்கப்பட்டு ஸ்பீக்கரில் இடிக்கும். வால்வ் ஆம்ப்பை நிறுத்திவிட்டு, பாட்டு முழுவதுமாக அடங்கிய பிறகு பிரீஆம்ப்பை நிறுத்துங்கள். கரண்ட் தானாகப் போனால் இந்த வரிசையை யாரும் காப்பாற்ற முடியாது, அதனால் வெளியீட்டில் ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிச்) உள்ள பிரீஆம்ப் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கரண்ட் போனதும் ரிலே தானாக விட்டுவிடும்.

பாவித்த பிரீஆம்ப் பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டரையும் ஹெட்ஃபோனையும் கொண்டுபோங்கள். வொலியூமை முழுசாகக் குறைத்துவிட்டு, வெளியீட்டு ஆர்சிஏயில் டிசி மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு, பத்துப் பதினைந்து என்றால் கவலையில்லை. நூறைத் தாண்டினால் வேண்டாம், ஏனென்றால் பல வால்வ் ஆம்ப்களில் உள்ளீடு நேரே முதல் வால்வின் கிரிட்டுக்குப் போகிறது, அங்கே வால்வை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கிற பயஸ் வோல்டேஜே ஒன்றரை, இரண்டு வோல்ட்தான், இந்த டிசி அதை இடம்மாற்றிவிடும். அடுத்து ஹெட்ஃபோனில் மிக மெதுவான சத்தத்தில் ஒரு குரல் பாட்டைப் போட்டு, குமிழைப் பூச்சியத்திலிருந்து மெல்லத் திருப்புங்கள். கரகரப்பு இருந்தால் கொண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். குரல் ஒரு பக்கமாக இழுபட்டு, குமிழ் ஒன்பது மணிக்கு வந்தும் நடுவுக்கு வரவில்லை என்றால் அந்தக் கண்ட்ரோல் தேய்ந்துவிட்டது, அதே அளவில் மாற்றுக் கண்ட்ரோல் தேடுவது பெரிய அலைச்சல், வேறொன்றைப் பாருங்கள்.